கொல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போகும் குடும்பத்துக்கு

என் கணவர் வங்கி அதிகாரி. 2022 மே மாதம் கொல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அவர், நான், ஏழாம் வகுப்பு போகவிருந்த மகள், ஒன்றாம் வகுப்பு மகன், எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அதற்கு முன்பாக நெல்லையிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு. ரயிலில் அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "அங்கே நான் யாரிடம்மா பேசுவேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு காலத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

தாள்கள் பற்றிச் சுருக்கமாக. பள்ளி மாற்றுச் சான்றிதழைப் புறப்படும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகளில் அங்கே ஏப்ரலிலேயே பாடம் தொடங்கிவிடும். ஜூனில் போய் நின்றதால் என் மகள் இரண்டு மாதப் பாடத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டியைக் கொண்டுபோவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்குங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் வாங்குவது சட்டப்படி கட்டாயம்.

பெயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதும் அங்கே அடுத்த கேள்வி "டைட்டில்?" என்று வரும். குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள். நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்து. அப்பா பெயரை விரித்து எழுதினால் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, பிள்ளையை வகுப்பில் அப்பா பெயரால் கூப்பிடுவதும் நடக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆதார், மாற்றுச் சான்றிதழ், பள்ளி விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி விரிக்கப்பட்டிருக்கிறதா என்று ஊரில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு பாளையங்கோட்டை கட்டாதீர்கள்

நாங்கள் டாக்குரியாவில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். முதல் மூன்று மாதம் நான் செய்தது முழுவதும் தவறு. ஊரிலிருந்து மிளகாய்ப்பொடியும் சாம்பார்ப்பொடியும் பார்சலில் வந்தன. தொலைக்காட்சியில் தமிழ் மட்டும் ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா படியில் எதிர்ப்பட்டால் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அதையே மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர்கள் அதை என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "இவர்களுக்கு நம்மோடு பழக விருப்பமில்லை" என்று மாடி முழுவதும் பேசிக்கொண்டார்களாம்.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து மணி அடித்தார்கள். "சாந்தா" என்றார்கள். மிரட்டிப் பணம் கேட்கிறார்கள் என்று பயந்து, "சார் வீட்டில் இல்லை" என்று கதவை மூடிவிட்டேன். அதைவிடப் பெரிய அவமரியாதையை நான் அந்தத் தெருவுக்குச் செய்திருக்க முடியாது.

கொல்கத்தாவில் தெரு என்பது வெறும் முகவரி இல்லை. அதற்கு "பாரா" என்று பெயர். பாராவுக்கு ஒரு க்ளப் இருக்கும், கேரம் பலகை இருக்கும், துர்கா பூஜைப் பந்தல் இருக்கும். சாந்தா என்பது அந்தப் பூஜைக்கான வரி. நம் ஊரில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வரி கொடுத்தவர் ஊர்க்காரர் ஆகிறார். அங்கேயும் அப்படித்தான். கேட்ட தொகை அதிகமாகத் தோன்றினால் பேசிக் குறைக்கலாம், தவறில்லை. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் மூடாதீர்கள். நான் அடுத்த வாரம் கணவரோடு க்ளப்புக்கே போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிப் பணம் கட்டினேன். அவர்கள் உடனே நாற்காலி போட்டுத் தேநீர் வாங்கி வந்தார்கள். மறுநாளே குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தது, அதுவரை நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள்.

கேளுங்கள்

புது ஊரில் நாம் முதலில் எதையாவது கொடுத்து நட்புப் பிடிக்கப் பார்ப்போம். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போவோம். என் அனுபவத்தில் அதைவிட வேகமாகக் கதவைத் திறப்பது, நாம் போய் ஓர் உதவி கேட்பதுதான். சின்ன உதவியாக இருக்கட்டும். நான் கேட்டது காய்கறி.

சந்தையில் பாதிக் காய்க்குப் பெயர் தெரியவில்லை. ஒரு நாள் துணிந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் (அவரை எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள்) போய், பள்ளியிலிருந்து மகள் கற்றுவந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: "எக்டு தேகியே தேபேன்?" கொஞ்சம் காட்டித் தருவீர்களா என்று பொருள். "எக்டு" என்றால் கொஞ்சம். எந்தக் கோரிக்கைக்கு முன்னும் அதை வைத்துவிட்டால் பேச்சு பணிவாகிவிடும். மாஷிமா செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே என்னோடு கிளம்பிவிட்டார்கள்.

அன்று தெரிந்துகொண்டவை இன்றும் என் சமையலை நடத்துகின்றன. பச்சரிசி "ஆதப் சால்", புழுங்கல் அரிசி "ஷெத்தோ சால்". இந்த ஒரு சொல் தெரியாமல் மூன்று மாதம் பச்சரிசிச் சோறு தின்றோம். உளுந்துக்கு "பியூலிர் டால்". வாழைப்பூ "மோச்சா", வாழைத்தண்டு "தோர்". இரண்டையும் நம்மைப் போலவே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். முருங்கைக்காயும் உண்டு, முருங்கைப்பூவையும் விடுவதில்லை. கடுகெண்ணெயில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் லேசாகப் புகை வரும்வரை காயவிட்டுப் பிறகு தாளியுங்கள், நெடி அடங்கும். கறிவேப்பிலை, வாழையிலை, கட்டிய பூ வேண்டுமானால் லேக் மார்க்கெட் போங்கள். பல தலைமுறைத் தென்னிந்தியக் குடும்பங்கள் வாழும் பகுதி அது. ஆனால் மாதம் ஒரு முறை போதும். வாரம் இரண்டு முறை அங்கே ஓடுவது நான் மேலே சொன்ன பாளையங்கோட்டைக் கோட்டைதான்.

சைவக் குடும்பத்துக்கு ஓர் எச்சரிக்கை. "நிராமிஷ்" என்று சொன்னால் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காமல் சமைத்து வைப்பார்கள். மீன், இறைச்சி, முட்டை வேண்டாம், வெங்காயம் பூண்டு பரவாயில்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: நவராத்திரி என்றால் நமக்கு விரதமும் சைவமும். அங்கே துர்கா பூஜை நாட்களில் மீனும் ஆட்டிறைச்சியும் மணக்கும். அம்மன் பிறந்தகம் வந்திருக்கிறாள், மகள் வீட்டுக்கு வந்தால் விருந்து வைக்காமல் இருப்பார்களா என்று மாஷிமா சொன்னபோது அத்தையின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மொழி

வங்காள மொழிக்குப் பயப்படாதீர்கள். ஆண்பால் பெண்பால் வேறுபாடு வினையில் கிடையாது. இந்தியில் தடுமாறியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. "நீங்கள்" என்பதற்கு ஆப்னி, "நீ" என்பதற்குத் தூமி, மிக நெருக்கமானவர்களுக்குத் துயி. முதல் ஆண்டு முழுவதும் எல்லோரிடமும், வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும், ஆப்னியே சொல்லுங்கள். அவர்கள் தூமிக்கு இறங்கினால் நீங்களும் இறங்கலாம். தண்ணீரை அங்கே குடிப்பதில்லை, "சாப்பிடுகிறார்கள்": ஜோல் காபோ.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கடைக்காரர் தாதா, நம் காதில் தாத்தா போல விழும், அண்ணன் என்று பொருள். இளம்பெண் தீதி. மணமான உங்களைக் காய்க்காரர் "பௌதி" என்பார், அதாவது அண்ணி. அம்மா வயதுப் பெண்கள் மாஷிமா. மாமா, மாமி இரண்டும் நம்முடைய சொற்களேதான். முறை வைத்துக் கூப்பிட்டே பழகிய நமக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை.

நேரமும் மாறும். ஜூனில் காலை ஐந்து மணிக்கு முன்பே வெயில் முகத்தில் அடிக்கும். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் ஏதோ துக்கம் நடந்த வீடு போல மாலை நேரம் என்னை அழுத்தியது. பிள்ளைகளை விளக்கு வைப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது வெளியே விளையாட விடுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை யார் வீட்டு மணியையும் அடிக்காதீர்கள். அது சோற்றுத் தூக்கத்துக்கான நேரம், "பாத் கூம்" என்று அதற்குப் பெயரே உண்டு.

பிள்ளைகள்

மகன் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொண்டான். மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்று க்ளப் பையன்கள் கேட்டார்கள். இரண்டும் கால்பந்து அணிகள்: 1889-இல் தொடங்கியது ஒன்று, 1920-இல் தொடங்கியது மற்றொன்று. பதில் சொல்லாமல் அந்தத் தெருவில் யாரும் வளர முடியாது. பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அவனுக்கு ஒரு செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள். வங்காளிகள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் கூப்பிடும் டாக் நாம் ஒன்று, வெளியே பாலோ நாம் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைக்குச் செல்லப் பெயர் விழுந்தால் தடுக்காதீர்கள்.

மகள் வேறு. பதின்மூன்று வயதில் தோழிகளை விட்டுவிட்டு வந்தவள். மூன்று மாதம் அவள் பேசியது ஊரிலிருந்த தோழிகளோடு மட்டும். எத்தனையோ பேர் "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். பெரிய பிள்ளைக்குத் தானாகச் சரியாகாது. அவளிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நான் அவளை வீட்டின் மொழிபெயர்ப்பாளராக ஆக்கினேன். எரிவாயு சிலிண்டர்க்காரரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் அவளே பேசினாள். சனவரியில் பள்ளியில் சரஸ்வதி பூஜை வந்தது. நமக்கு அது நவராத்திரியில், அங்கே பெரும்பாலும் தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில். பெண்கள் மஞ்சள் புடவை கட்டுவார்கள், புத்தகங்களை அம்மன் முன் வைத்துவிட்டு அன்று படிக்கமாட்டார்கள். அதுவரை இலந்தைப் பழமும் தின்னமாட்டார்கள். என் மஞ்சள் பட்டை அவளுக்குக் கட்டிவிட்டேன். மாலை ஏழு மணிக்கு நான்கு பெண்களோடு வீட்டுக்கு வந்தாள். அன்று சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அத்தை

பெரியவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம், பிள்ளைக்குப் பள்ளி. வயதானவருக்கு நான்கு சுவர். அவர்களுக்குத் தினமும் போக ஓர் இடம் கண்டுபிடிப்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். காஸ் இணைப்பும் இணையமும் அதற்குப் பிறகு. நாங்கள் காலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். தினம் ஒரே பெஞ்சு, ஒரே நேரம். மொழி தெரியாமலே முகங்கள் பழகின.

மகாளய அமாவாசை வந்தது. ஊரில் தாமிரபரணிக் கரையில் கொடுக்கும் தர்ப்பணத்தை எங்கே கொடுப்பது என்று அத்தை கலங்கிப் போயிருந்தார்கள். மாஷிமாவிடம் கேட்டேன். அவர்களுக்கும் அதே நாள், அதே தர்ப்பணம். விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் தேவி துதி ஒலிக்க, தெருவே விழித்திருந்தது. பிறகு கங்கைக் கரையில் என் கணவரும் மாஷிமாவின் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துர்கா பூஜை முடிந்த பௌர்ணமியில் லட்சுமி பூஜை. மாஷிமாவுக்கு மணிக்கட்டில் வலி, அரிசி மாவைக் கரைத்து ஆல்பனா போட முடியவில்லை. இந்த முறை அவர்கள் எங்கள் வீட்டு மணியை அடித்துக் கேட்டார்கள். ஆல்பனா வேறொன்றும் இல்லை, நம் மாக்கோலம்தான். நாம் கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் போடுவது போல அவர்கள் லட்சுமி பாதம் போடுகிறார்கள். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியிலிருந்து பூஜை அறை வரை ஒரே மூச்சில் பாதங்களை வரைந்து முடித்தார்கள். மாடியிலிருந்த மற்ற வீட்டுப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். "அங்கே நான் யாரிடம் பேசுவேன்" என்று கேட்டவர்கள், அன்று இரவு ஒன்பது மணி வரை வீட்டுக்கு வரவில்லை.

டிசம்பரில் ஈச்சம் வெல்லம் வரும், நோலென் குட் என்பார்கள். மாஷிமா கொடுத்த துண்டை மோந்து பார்த்துவிட்டு அத்தை சொன்னது: "இது நம்ம கருப்பட்டிக்குத் தங்கச்சி."

கடைசியாக விடுமுறைக் கணக்கு. முதல் ஆண்டு துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகாதீர்கள். அந்த ஐந்து நாளும் பந்தலில் இருங்கள். அஷ்டமி காலை வெறும் வயிற்றோடு அஞ்சலிக்குப் பூ வாங்குங்கள், தசமிக்குப் பிறகு பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கால் தொட்டு "ஷுபோ பிஜயா" சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், அன்று காலையே உட்காருங்கள். கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, துளசிக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். நாம் "போகிறேன்" என்று சொல்லாமல் "போய் வருகிறேன்" என்போம் அல்லவா? அவர்களும் அப்படியே. "ஆஷி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குங்கள். "வருகிறேன்" என்று அர்த்தம்.