நிறுவனம் வாங்கும்போது கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடுத்த விலை 100, கைக்கு வந்த நிகரச் சொத்தின் (சொத்தில் கடனைக் கழித்தது) நியாய மதிப்பு, அதாவது அன்றைய சந்தை மதிப்பு, 60 என்றால் மீதி 40 குட்வில். முறைகேடுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிகின்றன. சரக்கிருப்பை வேண்டுமென்றே 10 குறைத்து மதிப்பிட்டால் குட்வில் 50 ஆகிவிடும். சரக்கு விற்றதும் அந்த 10 லாபமாக வந்து நிற்கும். வியாபாரம் துளியும் வளர்ந்திருக்காது. வராக்கடனுக்கு அளவுக்கு மீறி ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்த காலாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக லாபத்துக்குத் திருப்புவதும் இதே வேலைதான். தற்காலிக மதிப்பீட்டைத் திருத்த, நிறுவனம் வாங்குவதற்கான சர்வதேச கணக்கியல் விதியான ஐஎஃப்ஆர்எஸ் 3 அதிகபட்சம் 12 மாதம் தருகிறது. அதுவும் வாங்கிய தேதியில் இருந்த நிலைமை பற்றிப் பிறகு தெரியவந்த தகவலுக்கு மட்டுமே.

வாங்குபவர் திட்டமிடும் ஆள்குறைப்புச் செலவை வாங்கப்பட்ட நிறுவனத்தின் கடனாகப் பதியக்கூடாது. வக்கீல், ஆலோசகர் கட்டணமும் குட்வில்லில் சேராது; அந்த ஆண்டின் செலவு. கட்டணத்தின் அளவையும் கேள்வி கேளுங்கள். 2008இல் பிரிட்டனின் மருத்துவக் கருவி நிறுவனமான ஜைரஸை வாங்கிய ஜப்பானின் ஒலிம்பஸ், ஆலோசகர் பேரில் கொடுத்தது 68.7 கோடி டாலர், ஒப்பந்த விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பழைய முதலீட்டு நஷ்டத்தை மறைக்கத்தான் அந்தப் பணம் சுற்றிவிடப்பட்டது என்று 2011இல் அம்பலமானது.

விற்பவரின் விற்பனைக் கணக்கை அப்படியே நம்புவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. 2011இல் சுமார் 1,100 கோடி டாலருக்கு பிரிட்டனின் மென்பொருள் நிறுவனமான ஆட்டானமியை வாங்கிய ஹெச்பி, மறு ஆண்டே 880 கோடி டாலரை நஷ்டமாகத் தள்ளுபடி செய்தது. நஷ்டத்துக்கு விற்ற ஹார்டுவேரும், உண்மையில் பயன்படுத்தப்போகும் வாடிக்கையாளர் கிடைக்கும் முன்பே இடைத்தரகர் பெயரில் போட்ட பில்களும் மென்பொருள் வருமானத்தை ஊதிக்காட்டின என்பது ஹெச்பியின் குற்றச்சாட்டு. 2022இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ஏற்றது.

ஆகவே கையெழுத்துக்கு முன், ஒவ்வொரு காலாண்டின் கடைசிப் பத்து நாள் பில்களைத் தனியாக எடுங்கள். 90 நாளில் எவ்வளவு பணம் வங்கிக்கு வந்தது, எவ்வளவு கிரெடிட் நோட்டாக (பில்லை ரத்து செய்யும் அல்லது குறைக்கும் சீட்டு) திரும்பியது, அதே வாடிக்கையாளரிடம் நிறுவனமும் எதையாவது வாங்கியதா என்று பாருங்கள். சரக்கை நேரில் எண்ணுங்கள். சீனாவின் சுரங்க இயந்திர நிறுவனமான சிவெய்யை வாங்கிய அமெரிக்காவின் கேட்டர்பில்லர், ஒப்பந்தம் முடிந்த பிறகு எண்ணியபோதுதான் ஏட்டுக்கும் கிடங்குக்கும் இடைவெளி தெரிந்தது. 2013 ஜனவரியில் 58 கோடி டாலர் தள்ளுபடியை அறிவித்தது.