சாணத்தில் ஒரு டீ: வீட்டிலேயே சின்னதாக ஒரு சாண எரிவாயு டிரம்

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் சிலர் மாட்டை விடவில்லை. பால் விற்றுவிடும். சாணம்தான் தலைவலி. ரெண்டு நாள் மழை பெய்தால் தெருக்கோடி வரைக்கும் நாறும். அதற்காகத்தான் இந்த டிரம்மைச் செய்தேன், கேஸ் காசை மிச்சம் பிடிக்க இல்லை. 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) மானிய விலையில் 26 வெள்ளி 60 காசு. அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

முதலில் கணக்கு. ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு வரும். 200 லிட்டர் டிரம்முக்கு நாளுக்கு 2 கிலோ சாணம் போதும், அதாவது 80 லிட்டர் வாயு. சின்ன அடுப்பு பத்துப் பதினைந்து நிமிஷம் எரியும். டீ போடலாம், மிஞ்சினால் ஒரு முட்டை பொரிக்கலாம். குடும்பச் சமையல் முழுக்க இதிலேயே ஆக வேண்டுமென்றால் நாலு மாடும் 3,000 லிட்டர் தொட்டியும் வேண்டும்.

1. டிரம்

இறுக மூடும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். பூச்சி மருந்து இருந்த டிரம் வேண்டாம், சாணத்தை வாயுவாக்கும் கிருமிகள் செத்துவிடும். மூடியில் 3 அங்குல பிவிசி பைப்பை, அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறக்குங்கள். வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். சாணம் ஊற்றும் வழி இதுதான். பக்கவாட்டில், முக்கால் உயரத்தில் 2 அங்குலப் பைப், பழைய கரைசல் வெளியேறும் வழி. அதன் உள்முனைக்கு எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி, கரைசலுக்குள் மூழ்க வையுங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: முனை மேலே நின்றால் வாயு எல்லாம் அந்த வழியே போய்விடும். மூடியில் இன்னொரு ஓட்டை போட்டு வால்வு, அதிலிருந்து ஹோஸ் வழியாக, வாயு சேர ஒரு லோரி டயர் டியூப்.

2. கரைசல்

சாணமும் தண்ணீரும் சரிபாதி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. கல்லும் வைக்கோலும் எடுத்துவிட்டுத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, 150 லிட்டர் நிரப்பி மூடுங்கள்.

3. காத்திருப்பு

இரண்டு மூன்று வாரம். இந்தக் கிருமிகளுக்கு 30 டிகிரிக்கு மேல் சூடு பிடிக்கும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முதல் இரண்டு டியூப் வாயுவைக் கொளுத்தாதீர்கள். அதில் கரியமில வாயுவும் டிரம்மில் இருந்த காற்றும்தான் அதிகம். திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். அப்புறம் தினமும் 2 கிலோ சாணம், 2 லிட்டர் தண்ணீர்.

மீந்த சோறு கொஞ்சம் போடலாம். நான் ஒரு விசேஷத்துக்கு மறுநாள் ஒரு வாளி ரசம் சோறும் எலுமிச்சைத் தோலும் கொட்டினேன். மாவு புளித்துப் பொங்குவது போல ஆகி, வாயு அடியோடு நின்றுவிட்டது. பத்து நாள் பட்டினி போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

4. அடுப்பு

சாண வாயுவில் எரியும் பகுதியான மீத்தேன் பாதிக்குச் சற்று மேலே, அதனால் சூடு குறைவு. சாதாரண அடுப்பின் ஜெட் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், ரெகுலேட்டர் கூடாது. டியூப்புக்கும் அடுப்புக்கும் நடுவே பாதி தண்ணீர் உள்ள பாட்டில் ஒன்று: வாயு தண்ணீருக்குள் குமிழிட்டு வரட்டும், நெருப்பு திரும்பிப் போகாது. டியூப்பின் மேல் பலகையும் செங்கல்லும் வைத்தால் வாயு வேகமாக வரும். ஆனால் வைக்கும் முன் டிரம் வால்வை மூடுங்கள். மூடாவிட்டால் அழுத்தம் உள்ளே திரும்பிச் சாணத்தை மேலே பீய்ச்சும். என் வெள்ளைச் சட்டை சாட்சி.

அக்கம்பக்கம்

“வெடிக்குமா தம்பி?” என்றுதான் பக்கத்து வீட்டு அக்கா முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் தீப்பொறி போதும். ஆகவே டிரம்மும் டியூப்பும் வெளியில், காற்றோட்டமான இடத்தில்தான். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவு. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. அதிகமாக இருந்தால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. கழுவக்கூட டிரம்முக்குள் தலையை விடாதீர்கள். பைப் வாய்களில் கொசுவலை கட்டுங்கள். எங்கள் தெருவில் டெங்கிப் புகை அடிக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்து நாற்றத்தை வருஷக்கணக்காகச் சகித்தவர்களுக்கு, வாயுத் தொட்டி என்றாலே சந்தேகம். உண்மையில் அந்த நாற்றமும் திறந்த குளத்தில் இதே வேலை நடப்பதால்தான். 2014 முதல் புதுச் செம்பனை ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகளில் பல குளங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

வெளிவரும் கரைசலைச் சாக்கடையில் விடாதீர்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு வாழைக்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள். பச்சைச் சாணம் அளவுக்கு நாறாது, ஈயும் மொய்க்காது. வெடிக்குமா என்று கேட்ட அக்கா இப்போது சனிக்கிழமைதோறும் கருவேப்பிலைச் செடிக்கு ஒரு வாளி கேட்கிறார். டீயை மட்டும் இன்னும் குடிக்க மாட்டேன் என்கிறார்.