கார்பன் டை ஆக்சைடு ஏறியபோது

விண்கலக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியின் தரைச் சோதனை மாதிரியில் வேலை செய்கிறேன். ஒருமுறை, வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் சென்சாரைச் சந்தேகித்து, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தேன். சரியாகவே காட்டியது. விசிறியிலும் குறையில்லை.

அப்புறம், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமக் குருணைகள் நிரப்பிய படுகையின் இரு பக்கமும் அழுத்தத்தை அளந்தேன். வித்தியாசம் வழக்கத்தைவிட அதிகம், உள்ளே அடைப்பு. கழற்றினால் வடிகட்டி வலையிலும் வால்விலும் வெளிர் நிறத் தூள்! குருணைகள் மாறி மாறிச் சூடாகி ஆறும்போது உரசித் தூளாகின்றன. அந்தத் தூள் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் கருவியையும் இதே தூசி பாடாய்ப்படுத்தியிருக்கிறது.

முகக்கவசம் அணிந்து வால்வைச் சுத்தம் செய்தேன், வலையை மாற்றினேன், குருணைகள் அசையாதபடி படுகையை இறுக்கமாக நிரப்பினேன். அழுத்தம் சரியானது. ஆனால் உறிஞ்சும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. காரணம் ஈரம். சியோலைட் கார்பன் டை ஆக்சைடைவிடத் தண்ணீரைத்தான் இறுகப் பிடித்துக்கொள்ளும். திறந்து வைத்த நேரத்தில் அறைக் காற்றின் ஈரத்தை இழுத்திருந்தது. உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தியபடி, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீண்ட நேரம் உலர்த்தினேன். என்னைக் கேட்டால், படுகையைத் திறந்த பிறகு இந்த உலர்த்தலில் அவசரமே கூடாது. அதன்பின் கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கி, அப்படியே நின்றது.