&& முதல்ல, || அப்புறம்: பிராக்கெட் இல்லாத கண்டிஷனை கம்ப்யூட்டர் எப்படி படிக்குது?

மாணவரோ முதியவரோ, யாரா இருந்தாலும் கையில கார்டு இருந்தாதான் சலுகைன்னு ஒரு கண்டிஷன் எழுதணும்னு வச்சுக்குவோம். கோடுல && ன்னா அண்ட் (ரெண்டும் வேணும்), || ன்னா ஆர் (ஏதாவது ஒண்ணு போதும்), ! ன்னா நாட் (இல்லை). புதுசா கத்துக்கிறவங்க மனசுல வர்ற வரிசையிலயே டைப் பண்ணிடுறாங்க, எர்ரரும் வராது, ஆனா விடை தப்பா வரும், அதுதான் இதுல பெரிய ஆபத்தே.

க்ரோம்ல எஃப்12 அழுத்தி கன்சோலுக்கு (கோடு டைப் பண்ணி உடனே விடை பார்க்கிற இடம்) போங்க. அங்க ஓடுற மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதுல வேரியபிள் (ஒரு மதிப்பை வச்சிருக்கிற பெட்டி மாதிரி) பேரை தமிழ்லயே வைக்கலாம், அதனால இதை அப்படியே டைப் பண்ணுங்க (1-ன்னா ஆமா, 0-ன்னா இல்ல):

மாணவர் = 1; முதியவர் = 0; கார்டு = 0
மாணவர் || முதியவர் && கார்டு

1 வரும். கார்டே இல்லாத மாணவருக்கு சலுகை கொடுத்தாச்சு! ஏன்னா ! முதல்ல ஒட்டும், அடுத்து &&, கடைசியாதான் ||. அதனால கம்ப்யூட்டர் இதை மாணவர் || (முதியவர் && கார்டு) அப்படின்னுதான் எடுத்துக்குது.

இப்போ பிராக்கெட் போடுங்க:

(மாணவர் || முதியவர்) && கார்டு

0 வந்துடும், நமக்கு வேணும்னது இதுதான்.

அடுத்து !5 == 3 போட்டு பாருங்க (== ன்னா சமமான்னு கேக்குறது, != ன்னா சமம் இல்லையான்னு கேக்குறது). ஃபால்ஸ் வரும், ஏன்னா ! வெறும் 5-ஐ மட்டும் புடிச்சுக்குது. 5-ம் 3-ம் சமம் இல்லையான்னு கேக்கணும்னா !(5 == 3) போடணும், இல்லன்னா நேரா 5 != 3. பைத்தான்ங்கிற இன்னொரு மொழில இதுக்கு நேர் எதிர், அங்க நாட் வந்து == க்கு அப்புறம்தான்.

இங்க நிறைய பேர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு இதை டெஸ்ட் பண்ணாம விடாதீங்க:

1 || இல்லாதது && 0

இல்லாததுன்னு ஒரு வேரியபிளே நாம வைக்கல, ஆனாலும் எர்ரர் இல்லாம 1 வரும். && க்கு முன்னுரிமைன்னா அதுதான் முதல்ல ஓடும்னு அர்த்தம் இல்ல, பிராக்கெட் எங்க விழும்ங்கிறது மட்டும்தான் அது. ஓடுறது இடமிருந்து வலம்தான், || க்கு இடப்பக்கம் 1 கிடைச்சதும் வலப்பக்கத்தை தொடவே தொடாது.

டேட்டாபேஸ்கிட்ட பேசுற மொழியான எஸ்க்யூஎல்லயும் அண்ட் முதல்ல, ஆர் அப்புறம். டெலிட் கொயரில (டேட்டாவை அழிக்கிற கட்டளை) ரெண்டையும் கலந்து பிராக்கெட் விட்டீங்கன்னா வேற யாரோட டேட்டாவோ போயிடும். ஆனா பாஷ் ஷெல்ல (லினக்ஸ்ல கமாண்ட் டைப் பண்ற இடம்) கமாண்டுகளை சேர்க்கும்போது && || ரெண்டும் ஒரே லெவல், இடமிருந்து வலமா சேரும், அதனால ஒரு இடத்துல பழகினதை அங்க நம்பாதீங்க.

கடைசியா திரும்ப ஜாவாஸ்கிரிப்ட் கன்சோல்ல 0 || 1 ?? 2 போடுங்க (?? ன்னா இடப்பக்கம் மதிப்பே இல்லன்னா வலப்பக்கத்தை எடுக்கிற குறி). பிராக்கெட் இல்லாம || ஐயும் ?? ஐயும் கலக்க ஜாவாஸ்கிரிப்டே விடாது, சின்டாக்ஸ் எர்ரர்தான்.