பாமினியில் இருந்த நெல் பக்கங்கள் கூகுளில் தெரிய வந்த கதை

பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி என் இணையதளத்தில் நான் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பக்கங்களுள் ஒன்றுகூட, ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று கூகுளில் தேடியபோது வரவில்லை. தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தள வரைபடத்தைக் கூகுளுக்கு இருமுறை அனுப்பியும் பயனில்லை.

ஒருநாள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் ‘மா’ என்று தெரிவது, கோப்பில் ‘கே’, ‘எச்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளாகவே இருந்தது. தேடுபொறி படிப்பது எழுத்துருவின் வடிவத்தை அன்று, கோப்பில் உள்ள குறியீட்டைத்தான் என்பதால், அதன் பார்வையில் என் பக்கங்களில் தமிழே இல்லை.

எழுத்துரு மாற்றியில் முழுப் பக்கத்தையும் இட்டபோது பக்க அமைப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறிச்சொற்களும் சேர்ந்து சிதைந்தன. ஆகவே உரையை மட்டும் பிரித்தெடுத்து, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தின் குறியாக்கம் ‘யுடிஎப்-8’ என்று அறிவித்து, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக இருந்த தலைப்பை நீக்கி, அந்தந்த நெல்லின் பெயரையே தலைப்பாக இட்டேன். இதுவே அதிக நேரம் பிடித்த, ஆனால் மிகவும் அவசியமான வேலை. பழைய முகவரிகளை மாற்றவில்லை. பின்னர், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் அட்டவணைப்படுத்தக் கோரினேன். சில வாரங்களில் மாப்பிள்ளைச் சம்பாவும், அதையடுத்து கருங்குறுவையும் தேடல் முடிவுகளில் தெரியத் தொடங்கின.