தனுஷ்கோடி போகிறவர்கள் காலடியைப் பார்த்து நடங்கள்

டர்பனிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்களில் ராமேஸ்வரத்தை விட்டுவிட்டு வருபவர்கள் குறைவு. ஈஸ்டர் விடுமுறையில் போவதாக இருந்தால், தீர்த்தமாடி முடித்த மறுநாள் விடியற்காலையைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, நீர் வற்றி, மணல் திட்டுகள் வெளியே தெரியும் மார்ச், ஏப்ரலில்தான் அந்தக் கரையில் பறவைகள் முட்டையிடும் காலம் தொடங்குகிறது. இங்கே நாம் செப்டம்பரில் பார்த்துப் பழகியது அங்கே செல்லாது.

முதலில் சின்ன ஆலா என்ற கடற்பறவையைத் தேடுங்கள். மஞ்சள் அலகின் நுனியில் மட்டும் மை தொட்டதுபோல் கறுப்பு. ஆண் ஒரு பொடிமீனைக் கவ்விவந்து பெட்டையின் முன்னால் நீட்டும். பெட்டை வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது.

எனக்குப் பிடித்தது உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அங்குள்ளதைத் தனி இனமென்று 2023இல் பிரித்து, அனுமன் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். சேதுக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் ஒரு குழி, சில கிளிஞ்சல் துண்டுகள், மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள், அவ்வளவுதான். முதல் முறை போனபோது ஒரு பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு தள்ளாடியது. அடிபட்டதென்று நினைத்துப் பின்னாலேயே போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், “நில்லுங்கள் தம்பி, அது நடிக்கிறது” என்று சத்தம் போட்டார். முட்டைகள் என் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தன! இறக்கையை இழுத்து நடித்தால் அசையாமல் நின்று கீழே பாருங்கள். வந்த சுவட்டிலேயே திரும்புங்கள்.

ஆட்காட்டியைத் தேடவே வேண்டாம், அதுவே உங்களைக் கண்டுபிடித்துக் கத்தும். டர்பன் புல்வெளிகளில் கத்தும் கீவிட்டுப் பறவைக்குச் சொந்தம்தான். உச்சி வெயிலில் வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும்.

தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் வண்டி ஓட்ட 2002 முதல் தடை இருக்கிறது. தனுஷ்கோடியிலும் அந்த வழக்கத்தை விடாதீர்கள். வண்டியை மணலில் இறக்கச் சொல்லாமல் சாலையிலேயே நிறுத்துங்கள். அலை நனைத்த ஈர மணலில் நடந்தால் முட்டையை மிதிக்கும் பயமில்லை. வறுத்த மீன் வாங்கித் தின்றால் முள்ளை மணலில் எறியாதீர்கள். அதற்கு வரும் காக்கையும் நாயும் முட்டையையும் விடாது.