அப்பா அறைக்கு 18 மீட்டர் வயர்: பாட்டு கேட்க கேபிளா, வைஃபையா?

எங்கள் வீடு தஞ்சாவூரில், தாத்தா கட்டிய ஓட்டு வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ஃபைபர் இணைப்பு வாசல் வழியாக வருவதால் ரவுட்டர் முன்கூடத்தில். அப்பாவின் அறையோ கொல்லைப்பக்கம்; நடுவில் மூன்று சுவர். காலை ஏழரைக்குக் காபியோடு, வைஃபை வழியாகக் கல்யாணி ராகம் கேட்க உட்காருவார். பாடகர் மேல் சட்ஜத்துக்குப் போகிற சமயம் பார்த்து பாட்டு நின்றுவிடும். "என்னடா, மூச்சு புடிச்சுக்கிச்சா அவருக்கு?" என்பார்.

நான் முதலில் செய்த காரியம், இணைய பிளானை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 200 மெகாபிட்) ஏற்றியது. தண்டச் செலவு. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பாருங்கள், 1.4 எம்பிபிஎஸ்தான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போனாலும், சுருக்காமலே 9.2. ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்) வந்தால் இன்னும் குறைவு. பாட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போதும், குழாய் நிற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

அதனால் எதையும் வாங்குமுன் குழாய் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். பாட்டு கேட்கிற இடத்தில் லேப்டாப்பை வைத்து, ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) ஐந்து நிமிடம் பிங் (சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். இணையத்துக்கு அல்ல, ரவுட்டருக்கே. 2, 3 மில்லிசெகண்ட் என்று சீராக வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. எனக்கு 4, 3, 5 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 380 ஆகி, பிறகு பதிலே இல்லை. அடுக்களையில் அம்மா மைக்ரோவேவில் பால் சுட வைத்துக்கொண்டிருந்தார். அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான் குடியிருக்கின்றன. அப்பாவின் ஸ்பீக்கரோடு இருக்கும் ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி போர்டுக்கு (பாட்டை வாங்கி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்) 2.4 மட்டுமே தெரியும். ஏழரை மணி மர்மம் தீர்ந்தது.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும் வாங்கிப் பார்த்தேன். அதை அப்பா அறைக்குள்ளேயே மாட்டியது என் தப்பு. சிக்னல் செத்துப்போன இடத்தில் மாட்டினால் அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்படியே மாட்டினாலும், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்புகிற ரகமென்றால் வேகம் பாதியாகும்.

என் தீர்ப்பு: இடத்தை விட்டு நகராத பெட்டிக்கு வயர். ஆம்ப்ளிஃபையர், டிவி, பாட்டு சேமித்த கம்ப்யூட்டர் எல்லாம் இதில் சேரும். கையோடு போகும் போன், அடுக்களைக்கும் மாடிக்கும் தூக்கிப்போகிற ஸ்பீக்கர், துளை போட ஓனர் விடாத வாடகை வீடு, இவற்றுக்கு வைஃபை.

வயர் என்றால் கேட் 6 ரக லேன் கேபிள் வாங்குங்கள். கேட் 5இ கிடைத்தாலும் போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டதும் அதே நிறத்தில்தான் இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். எலக்ட்ரீஷியன் வந்ததும், "கரண்டு பைப்புலயே விட்டுடலாம் சார், எடம் இருக்கு" என்றார். சம்மதிக்காதீர்கள். பாதுகாப்புக்கும் ஆகாது, இரைச்சலும் ஏறும். தனி கேசிங்கில், பரணை ஒட்டிக் கொண்டுபோனோம். வெளிச்சுவரில் துளை போட்டால் வெளிப்பக்கம் சற்றே சரிவாகப் போடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராது.

கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் நிற வரிசை இரு நுனியிலும் ஒன்றாக இருக்கட்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நான் பழுப்பைச் சரியாக அழுத்தாமல் விட்டதில், லேப்டாப்பைச் செருகிப் பார்த்தபோது இணைப்பு கிகாபிட்டுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. நான்கு கம்பியிலேயே 100 ஓடிவிடும், அப்பாவின் ராஸ்பெர்ரி பை போர்டும் அதற்கு மேல் போகாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். ஆடியோவுக்கென்றே ஆயிரக்கணக்கில் விற்கும் லேன் கேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். தவறி விழுந்த பிட்டை நெட்வொர்க்கே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

வைஃபைதான் வழி என்பவர்கள் ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்குள்ளிருந்து எடுத்துத் திறந்த இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். சுவர் குறைவென்றால் 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 தான் கதி என்றால் 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தார் நெருக்காத சேனலாகப் பாருங்கள்.

அம்மா இப்போதும் ஏழரைக்குத்தான் பால் சுட வைக்கிறார். நேற்று கரண்டு போய்ப் பாட்டு நின்றதும் அப்பா அடுக்களையைப் பார்த்து முறைத்தார்.